கல் உடைத்தவர்க்கு ஒரு கல்

கித்துல்கல என்னும் ஊர்ப்பெயரைப் பிரித்துக் காட்டுவது என் வகுப்பறை வழக்கங்களுள் ஒன்று. 'கித்துல்' என்பது கூந்தற்பனை. 'கல' என்பது சிங்களத்திலே பாறை. அதைக் கேட்ட மாத்திரத்தில் மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, இது நம்முடைய 'கல்' அல்லவா?" என்பான். அவன் முகத்திலே ஒரு மலர்ச்சி தோன்றும். மலரட்டும் என்று விட்டுவிடுவேன். இரண்டு மொழிகள் ஒரே பாறைமேல் அமர்ந்து இளைப்பாறுவதைக் காண்பதிலே எனக்கும் ஒரு மகிழ்ச்சி உண்டு.

சென்ற ஆண்டு அந்த ஊருக்கே மாணவரை அழைத்துச் சென்றேன். பெருஞ்சாலையை விட்டு இறங்கி, மரநிழலில் வளைந்து செல்லும் ஒற்றையடிப் பாதையிலே நடந்து களனி கங்கையின் கரையை அடைந்தோம். ஆற்றிலே செந்நிறத் தலைக்கவசம் அணிந்த உல்லாசப் பயணிகள் காற்றடைத்த தெப்பங்களில் நுரைநீரைக் கடந்து போய்க்கொண்டிருந்தனர். மாணவர்கள் சிறிது நேரம் அதைப் பார்த்து நின்றார்கள். பிறகு கேள்வி பிறந்தது.

"ஐயா, பாலம் எங்கே?"

"பாலம் இல்லை."

"புகையிரதப் பாதை?"

"அதுவும் இல்லை."

"அப்படியானால் எதைப் பார்க்க வந்தோம்?"

ஆற்றோரத்துப் பாறையில் பாலத்தின் கால்கள் ஊன்றியிருந்த இடத்திலே எஞ்சி நிற்கும் கொங்கிறீற்று அடிக்கட்டுகளைக் காட்டினேன். மாணவர் ஏமாற்றமடைந்தனர். அன்று அவர்களுக்கு நின்றுகொண்டே சொன்ன விடை அரைகுறையானது. ஆற அமர எண்ணிச் சொல்லும் விடையே இக்கட்டுரை.

கித்துல்கலவுக்குப் புகையிரதம் ஒருகாலும் வந்ததில்லை. வந்தது யட்டியந்தோட்டை வரைக்குந்தான். அது கித்துல்கலவிலிருந்து ஆற்றுவழியே ஏறத்தாழப் பத்து மைல் கீழே உள்ளது. களனிப் பள்ளத்தாக்குப் பாதை என்று பெயர் பெற்ற அந்த இருப்புப்பாதை கொழும்பிலிருந்து புறப்பட்டு 1902 ஆம் ஆண்டில் அவிசாவளையை அடைந்தது. மறு ஆண்டில், தெகியோவிட்ட, கரவனல்ல வழியாக யட்டியந்தோட்டைக்குக் கிளை பிரிந்தது. மற்றொரு கை 1912 இல் இரத்தினபுரியையும், 1919 இல் ஓப்பநாயக்கவையும் தொட்டது. இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே இரண்டரை அடி அகலமே இருந்த ஒடுங்கிய பாதை அது. அகலப் பாதை அமைக்க வேண்டுமானால் மலையை அதிகம் குடைய வேண்டும்; பணமும் அதிகம் வேண்டும். ஒடுங்கிய பாதையோ மலையின் இடுப்பைச் சுற்றி வளைந்து வளைந்து போய்விடும்.

அந்தப் பாதை மனிதரைக் கருதிப் போடப்பட்டதன்று. சரக்கைக் கருதிப் போடப்பட்டது. கீழ்நோக்கித் தேயிலைப் பெட்டியும் இறப்பர்க் கட்டும் போயின. மேல்நோக்கி அரிசி மூட்டைகள் வந்தன. அக்காலத்தில் நம் தோட்டங்களில் உலையேறிய அரிசியிற் பெரும்பகுதி பருமாவிலே விளைந்தது என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னே அதற்கு வேலை இருக்கிறது.

என் பாட்டனார் அந்த வண்டியைக் 'கோச்சி' என்பார். கித்துல்கலப் பக்கத்துத் தோட்டமொன்றிலே அவர் தொழிலாளி. தேயிலைப் பெட்டி ஏற்றிய மாட்டு வண்டிக்குத் துணையாக யட்டியந்தோட்டைவரை நடந்து போனவர். தோட்டத்தில் வேலை குறைந்த நாட்களிலே தெருவோரத்திற் கல்லுடைக்கப் போவார். அவர் உள்ளங்கை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சிறுவனாகிய என் கன்னத்தைத் தடவினால் மரப்பட்டை உராய்வது போலிருக்கும்.

கல்லுடைப்பு என்பது அறியாத் தொழில் என்று பலர் எண்ணுகின்றனர். பாட்டனார் அப்படி எண்ணவில்லை. "உருண்டைக் கல்லு உதவாது, அய்யா. மூஞ்சி கூரா இருக்கணும். அப்பத்தான் ஒண்ணை ஒண்ணு புடிச்சுக்கும்" என்பார். பின்னாளில் பொறியியல் கற்ற நண்பர் ஒருவரிடம் கேட்டபோது அவரும் இதனையே பெரிய சொற்களாற் சொன்னார். தண்டவாளத்தின் கீழே மரக்கட்டை. மரக்கட்டையின் கீழே சல்லிக்கல். வண்டியின் பாரம் முழுவதையும் வாங்கி நிலத்துக்குப் பரப்பிக் கொடுப்பது அந்தச் சல்லியே. ஆற்றுக் கூழாங்கல் வழுக்கி விலகிவிடும். உடைத்த கருங்கல்லோ ஒன்றோடொன்று கோத்து நிற்கும். மழைநீரையும் தங்கவிடாது இறக்கிவிடும். ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுகின்ற களனிப் பள்ளத்தாக்கிலே சல்லியில்லாத பாதை ஒரு பருவத்தையும் தாண்டாது. ஆகவே, இருப்புப்பாதை என்று நாம் இரும்பின் பெயரைச் சொல்லுகிறோமேயன்றி, உண்மையில் அது கற்பாதை. கல் இருக்குமிடத்திலே கல்லுடைத்தவன் இருந்தான்.

இத்தீவிலே கல்லுக்கும் புகைவண்டிக்கும் உள்ள உறவு மிகப் பழையது. கொழும்புத் துறைமுகத்தின் அலைதாங்கிச் சுவருக்கு 1875 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. பிரித்தானிய இளவரசரே வந்து நாட்டினார். பத்தாண்டு உழைப்பின் பின் 1885 இல் தென்மேற்குச் சுவர் நிறைவெய்தியது. அதற்கு வேண்டிய கல் மஹரக் கற்குழியிலிருந்து வண்டி வண்டியாக இருப்புப்பாதை வழியே கடலுக்குப் போயிற்று. உடைத்தவர்கள் சிறைக் கைதிகள். மஹரச் சிறைச்சாலை எழுந்த வரலாறும் அக்கற்குழியோடு பிணைந்ததே. அடிக்கல் நாட்டிய கையின் பெயர் புத்தகங்களிலே இருக்கிறது. மற்றக் கற்களையெல்லாம் உடைத்த கைகளின் பெயர் இல்லை. அச்சுவரோ இன்றும் அலையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

இனி, 1942 ஆம் ஆண்டுக்கு வருவோம்.

அந்த ஆண்டு பெப்ரவரியிலே சிங்கப்பூர் யப்பானியர் கையில் வீழ்ந்தது. மார்ச்சிலே இரங்கூன் வீழ்ந்தது. பருமா அரிசி நின்றது. ஏப்ரல் 5 ஆம் நாள் கொழும்பின்மீது குண்டு விழுந்தது. அதே 1942 இல் யட்டியந்தோட்டைக் கிளைப்பாதை மூடப்பட்டு, போர்க்காலத் தேவைக்காகத் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. முப்பத்தொன்பது ஆண்டு ஓடிய கோச்சி நின்றது. "தண்டவாளத்தைப் புடுங்கிட்டுப் போயிட்டான், கல்லை மட்டும் விட்டுட்டான்" என்று பாட்டனார் சொல்லுவார். அவர் சொல்லும்போது அதிலே துயரமில்லை. துயரம் அந்த ஆண்டின் வேறொரு பக்கத்திலே இருந்தது. அதை அவர் அப்போது அறியவில்லை.

பாட்டனாருக்கு ஒரு தம்பி. ஒரே வயிற்றிற் பிறந்தவர்கள். ஒரே பஞ்சத்தில் ஊரைவிட்டவர்கள். மூத்தவர் மண்டபம் வழியாகக் கண்டிச்சீமைக்கு வந்தார். இளையவர் நாகப்பட்டினத்திலே கப்பலேறிப் பினாங்குக்குப் போனார். அக்காலத்துத் தமிழகக் கிராமங்களில் இது புதுமையன்று. ஒரு வீட்டுப் பிள்ளைகளைத் தேயிலையும் இறப்பரும் பங்கிட்டுக்கொண்ட காலம் அது.

யப்பானியர் சீயத்திலிருந்து பருமாவுக்கு ஓர் இருப்புப்பாதை போடத் தொடங்கியது அந்த 1942 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலேதான். பருமாவிலிருந்த தம் படைக்குக் கடல்வழியே பண்டம் அனுப்புவது ஆபத்தாகிவிட்டமையால், காட்டையும் மலையையும் ஊடறுத்து 415 கிலோமீற்றர் நீளத்துக்குப் பாதை வகுத்தனர். 1943 ஒக்டோபரில் இரு முனைகளும் இணைந்தன. இவ்வளவு விரைவுக்குக் கொடுத்த விலை என்ன? போர்க்கைதிகளாயிருந்த நேச நாட்டு வீரர் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கே வேலை செய்தனர். அவர்களில் ஏறத்தாழப் பன்னீராயிரம் பேர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர் இரண்டு இலட்சம் அளவினர். அவர்களில் மாண்டவர் ஏறத்தாழத் தொண்ணூறாயிரம் என்று மதிப்பிடுகின்றனர். மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரவரிற் பெரும்பாலோர் இறப்பர்த் தோட்டத் தமிழர்.

என் மாணவர் கணிதத்திலே கெட்டிக்காரர்கள். ஆற்றங்கரையிலேயே ஒருவன் கணக்குப் போட்டான். 415 கிலோமீற்றரைத் தொண்ணூறாயிரத்தால் வகுத்தால், ஐந்து மீற்றருக்கும் குறைந்த தூரத்துக்கு ஓர் ஆசியத் தொழிலாளியின் உயிர். அவன் எழுந்து ஐந்து மீற்றரை அடியால் அளந்து காட்டினான். அதன் பிறகு சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

தோட்டத்துக்கு ஆள்பிடிக்க வந்தவர்கள் முதலிலே சில மாத வேலை, நல்ல கூலி என்றனர். சொல் பலிக்காதபோது வலிந்து பிடித்தனர். இலவசப் படம் காட்டுவதாகச் சொல்லி, கொட்டகை நிறைந்தபின் கதவைப் பூட்டி, உள்ளே இருந்தவர்களை அப்படியே வண்டியேற்றினர் என்றும் பதிவுகள் கூறுகின்றன. போன இடத்திலே பாறையை உளியாலும் சுத்தியலாலும் குடைந்து வெடிவைத்துப் பிளக்கும் வேலை; பிளந்த கல்லைச் சுமக்கும் வேலை. கொன்யூ என்னுமிடத்து மலைப்பிளவுக்கு இரவிலும் தீவெட்டி ஒளியிலே வேலை நடந்தமையால், கைதிகள் அதற்கு 'நரகத்தீக் கணவாய்' என்று பெயரிட்டனர். 1943 இல் மழையோடு வாந்திபேதி வந்தது. கைதிகளுக்குள்ளே படை வைத்தியர்கள் இருந்தனர். படை ஒழுங்கு இருந்தது. இறந்தவரின் பெயரைக் குறித்துவைக்க ஆளிருந்தது. நம்மவர்க்கு இவற்றில் ஒன்றும் இல்லை.

போர் முடிந்தபின், உயிர்தப்பிய ஊரவர் ஒருவர் தமிழகத்துக்கு எழுதி, அங்கிருந்து ஒரு கடிதம் எங்கள் லயத்துக்கு வந்தது. "உன் தம்பி சீயத்து ரயிலுக்குப் போனான், திரும்பவில்லை" என்பது செய்தி. எந்த இடத்தில், எந்த நாளில் என்பது இல்லை. நாள் இல்லையேல் திதி இல்லை. திதி தெரியாதவர்க்கு அமாவாசை. ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று பாட்டனார் களனி கங்கையில் முழங்காலளவு நீரிலே நின்று, எள்ளும் நீரும் இறைத்தார். அவர் நின்ற துறை, நான் மாணவரோடு நின்ற அந்த வளைவிலிருந்து கூப்பிடு தூரம்.

அந்த வளைவிலேதான் 1956, 1957 ஆம் ஆண்டுகளில் ஒரு வியப்பு நிகழ்ந்தது. வெள்ளைக்காரர் வந்தனர். காட்டு மரங்கள் வெட்டப்பட்டன; யானைகள் அவற்றை இழுத்தன. ஆற்றுக்குக் குறுக்கே ஏறத்தாழ 425 அடி நீளமும் 90 அடி உயரமுமாக ஒரு மரப்பாலம் எழுந்தது. பாலத்தின்மேல் தண்டவாளம் போட்டார்கள். பழைய புகைவண்டி ஒன்று தெருவழியே கொண்டுவந்து ஏற்றப்பட்டது. பத்து மைல் கீழே உண்மையான தண்டவாளத்தைப் பெயர்த்துப் பதினைந்து ஆண்டுகளின் பின், பாதையே இல்லாத ஊருக்கு இப்படி ஒரு கோச்சி வந்து சேர்ந்தது. வந்தது வெடித்துச் சிதறுவதற்காக. 1957 மார்ச் மாதத்தில், பாலமும் வண்டியும் ஒருங்கே ஆற்றில் வீழ்ந்தன. 'குவாய் ஆற்றுப் பாலம்' என்னும் படத்தின் முடிவுக் காட்சி அது. பியேர் பூல் என்னும் பிரெஞ்சு ஆசிரியர் 1952 இல் வெளியிட்ட நாவலைத் தழுவி டேவிட் லீன் இயக்கிய அப்படம் ஏழு ஓஸ்கார் விருதுகளைப் பெற்றது.

பாட்டனாரும் மற்றத் தொழிலாளரோடு தூரத்து மேட்டிலே நின்று பாலம் கட்டுவதைப் பார்த்தவர். அது எந்த ஆற்றுப் பாலத்தின் கதை என்பது அவருக்குத் தெரியாது. சில காலம் கழித்துப் பட்டணத்துக் கொட்டகையொன்றிலே என் தந்தையார் அவரை அழைத்துப்போய்ப் படத்தைக் காட்டினார். மொழி விளங்காவிட்டாலும் 'சீயம்' என்பதைத் தந்தையார் எடுத்துச் சொன்னார். படம் முடிந்து வெளியே வந்தபின் பாட்டனார் கேட்ட கேள்வி ஒன்றே: "எல்லாம் வெள்ளைக்காரனா இருக்கானே, நம்ம ஆளுக எங்கே?"

இக்கேள்வியைப் பாட்டனார் என்னிடம் பலமுறை திருப்பிச் சொல்லியிருக்கிறார். நான் பள்ளிச் சிறுவனாக இருந்தபோதே அவர் காலமாகிவிட்டார். கேள்வி என்னிடம் தங்கிவிட்டது.

படத்தை நான் இகழவில்லை. கலைஞன் தனக்கு வேண்டிய கதையை எடுத்துக்கொள்வது அவன் உரிமை. அந்நூலாசிரியர் சொல்ல வந்ததும் ஒரு படைத்தலைவனின் மானத்தையும் மயக்கத்தையும் பற்றிய கதையே. ஆனால், கதை வரலாற்றை மூடிவிடும்போது ஆசிரியனாகியவன் வாய்திறக்க வேண்டும். மூடுவது மட்டுமன்று, பெயரையும் மாற்றிவிடும். தாய்லாந்திலே காஞ்சனபுரிக்கு அருகில் உண்மையாக நிற்கும் இரும்புப் பாலம் அன்று மேகுலோங் என்னும் ஆற்றின்மேல் இருந்தது. படம் பார்த்து வந்த பயணிகள் 'குவாய்' எங்கே என்று கேட்கவே, 1960 களில் ஆற்றின் அப்பகுதிக்கே குவாய்ப் பெயர் சூட்டினர். ஆற்றின் பெயரையே மாற்ற வல்ல ஒரு கதையிலே நம்மவர்க்கு ஓர் ஓரமும் கிடைக்கவில்லை.

காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்வீரர்க்குரிய கல்லறைத் தோட்டம் உண்டு. ஏறத்தாழ ஏழாயிரம் கல்லறைகள். புல் வெட்டி, மலர் வளர்த்துப் பேணுகின்றனர். வேண்டியதே. அவர்களும் தாய்மாரின் பிள்ளைகள். நம்மவரோ இறந்த இடத்திலேயே கூட்டமாகப் புதைக்கப்பட்டனர், எரிக்கப்பட்டனர், காட்டிலே விடப்பட்டனர். அவர்களை மறவாதிருந்தது மலேசியத் தமிழிலக்கியம். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்களை நம் நாட்டு மாணவர் அறிய வேண்டும்.

கல்லுக்கும் இறந்தவர்க்கும் உள்ள உறவைத் தமிழ் மாணவனுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. தொல்காப்பியப் புறத்திணையியல், கல்லைத் தேர்ந்து காண்பது முதலாக வாழ்த்துவது ஈறாக, வீரக்கல் எடுக்கும் முறையை வகுத்துச் சொல்லுகிறது. அம்முறையையே சிலப்பதிகார வஞ்சிக் காண்டம் பின்பற்றுகிறது. இமயத்திலே கல்லெடுத்து, கங்கையிலே நீராட்டி, கனக விசயர் தலைமேலேற்றிச் சேரநாட்டுக்குக் கொண்டுவந்த கதை அது. நம் இலக்கியம் அறிந்த பெரிய கற்சரக்கு அதுவே என்று வகுப்பிலே வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அரசனொருவன் ஒரு பெண்ணின் பொருட்டு ஒரு கல்லை அத்தனை தூரம் கொண்டுவந்தான். தொண்ணூறாயிரவர் பொருட்டு ஒரு கல் வேண்டாமா?

அந்தக் கல் மிகப் பிந்தி வந்தது. 2023 ஆம் ஆண்டிலே, மலேசியத் தமிழன்பர்களின் முயற்சியால், காஞ்சனபுரியிலுள்ள புத்த கோயில் வளாகமொன்றில் அந்தத் தமிழ்த் தொழிலாளர்க்கு நடுகல் நாட்டப்பட்டது. செய்தியைப் பத்திரிகையிற் படித்த அன்று எனக்குப் பாட்டனாரின் உள்ளங்கை நினைவுக்கு வந்தது. எண்பது ஆண்டு கழித்து, அவர் தம்பிக்கு ஒரு முகவரி கிடைத்துவிட்டது.

கித்துல்கல ஆற்றங்கரையில் என் மாணவன் ஒருவன் கேட்டான்: "ஐயா, அங்கே நட்டுவிட்டார்கள். இங்கே?"

அவன் கேள்வியை நான் தள்ளிவிட முடியவில்லை. படத்தை எண்ணி வருவோர்க்கு வழிகாட்ட இங்கே ஆட்கள் உண்டு. யட்டியந்தோட்டைக் கோச்சியை எண்ணி வருவோர் இல்லை. அவிசாவளைக்கு அப்பாலுள்ள பாதை முழுவதும் 1970 களிலே மூடப்பட்டது. அவிசாவளைவரை எஞ்சியதும் 1990 களில் அகலப் பாதையாயிற்று. அப்பாதைக்குச் சரக்கு விளைத்துக் கொடுத்தவர்களின் மக்களிற் பலர், 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின்னர், தலைமன்னார் வழியாக வந்த திசைக்கே திரும்பிப் போயினர். தண்டவாளத்தைப் பெயர்த்தால் கல்லாவது எஞ்சும். மக்களைப் பெயர்த்தால் நினைவைச் சொல்ல யார் எஞ்சுவர்?

ஆகவே, ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். மாணவரைக் கித்துல்கலவுக்கு அழைத்துச் செல்லுங்கள். படக்கதையையும் மகிழ்ச்சியோடு சொல்லுங்கள். ஆனால், வழியிலே யட்டியந்தோட்டையில் வண்டியை நிறுத்தி, 1903 முதல் 1942 வரை இங்கே ஒரு பாதை இருந்தது என்று சொல்லுங்கள். ஆற்றங்கரையிலே ஐந்து மீற்றரை அளந்து காட்டுங்கள். தம் வீட்டு முதியோரிடம் போய், 'நம் குடும்பத்தில் பினாங்குக்குப் போனவர் உண்டா?' என்று கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள்.

எங்கள் வகுப்பிலே அப்படிக் கேட்டுவரச் சொன்னேன். மூவர் பெயரோடு வந்தனர். என் பாட்டனாரின் தம்பியோடு நால்வர். அந்த நான்கு பெயர்களையும் ஒரு தாளில் எழுதி வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். கல்லில் எழுதுவதற்கு வேண்டிய எழுத்துகள் முதலிலே தாளில் இருக்கட்டும் என்று மாணவரே சொல்லிவிட்டார்கள்.